கறுப்பு உடம்பு, மஞ்சள் வளையம்

பெண் பார்க்கப் போகிறவன் வடை தின்பதற்கு மட்டும்தான் வாயைத் திறக்க வேண்டும். எங்கள் தீவிலிருந்து பாலம் தாண்டும்போதே என் தாய்மாமா இதைச் சொன்னார். நான்தான் கேட்கவில்லை. (பள்ளிக்கூடத்திலேயே நான் கவனித்துக் கேட்டது வீட்டுக்குப் போகிற மணியை மட்டும்தான்.)

"இந்த எடமும் தட்டிப் போச்சுன்னா என்னை ஆள விட்ருடா. இனிமே உனக்கு நான் பொண்ணு தேட மாட்டேன்" என்றார்.

அதற்கு முன் பார்த்த வீடுகளில் எல்லாம் "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். இன்னும் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

நிபோங் திபாலில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீடு. பெண் பெயர் ஸ்டெல்லா. அவள் அப்பா என் வேலையைப் பற்றி விசாரிக்கத் தொடங்கும்போது, பின்பக்கம் போன அவள் அம்மா, "சேசுவே! பாம்பு!" என்று அலறினார்.

ஓடினோம். வாஷிங் மிஷின் பக்கத்தில் கிடந்தது. கறுப்பு உடம்பு, மஞ்சள் வளையம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் தீவில் பாம்புக்கென்றே ஒரு சீனக் கோயில் உண்டு. அங்கே இதே நிறத்தில் பாம்புகள் கிளையில் சுருண்டு, சம்பளத்தோடு லீவு கிடைத்தவர்கள் மாதிரி தூங்கும். சின்ன வயதிலிருந்து பார்த்தவன் நான்.

"பயப்படாதீங்க அங்கிள். இது எங்க ஊரு கோயில் பாம்பு லா."

"கோயில் பாம்பு எதுக்கு தம்பி பாலம் தாண்டி வருது?"

"நான் வரலியா?"

அம்மா சிரித்துவிட்டார். அது போதாதா எனக்கு? பிரசங்கத்தை ஆரம்பித்தேன். "குட்டியில பச்சையா இருக்கும் ஆன்ட்டி. வயசானாத்தான் கறுப்பும் மஞ்சளும். இது பென்ஷன் வாங்குற பாம்பு."

ஸ்டெல்லா அப்போதுதான் முதல்முறையாக என்னிடம் பேசினாள். "பென்ஷன் வாங்குற பாம்பு ஏன் வெரல் தடிமன்ல இருக்கு?"

"எளைச்சிருச்சு."

மாமா முதுகில் கிள்ளினார். உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்துக்கொண்டேன். குனிந்து கையை நீட்டினேன்.

பாம்பு எழுந்து நின்றது. நின்று, படம் எடுத்தது. ஐம்பது காசு அகலத்துக்கு ஒரு குட்டிப் படம்.

அடுத்து எனக்குத் தெரிந்தது, நான் வாஷிங் மிஷின் மேல் இருந்தேன் என்பதுதான். பழைய மிஷின். பிளாஸ்டிக் மூடி உடைந்து, ஒரு கால் தொடை வரை சவர்க்காரத் தண்ணீரில் இறங்கிவிட்டது. வெளியே வரவில்லை. கீழே ஸ்டெல்லா ஒரு வாளியைப் பாம்பின் மேல் கவிழ்த்து, செங்கல்லை வைத்துவிட்டு, பொம்பாவுக்குப் போன் போட்டாள்.

வந்த தீயணைப்புக்காரர் வாளியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "எத மொதல்ல எடுக்குறது?"

"பாம்ப எடுங்க அண்ணே. இவரு எங்கயும் போக மாட்டாரு" என்றாள் ஸ்டெல்லா.

அவர் அதைப் பைக்குள் போட்டுக்கொண்டே சொன்னார். "ராஜநாகக் குட்டி. சின்னதுல இப்படி இருக்கும். வளர வளர வளையம் மங்கி, நம்ம பக்கத்துல மண்ணு கலராயிரும். வடக்க தாய்லாந்துல சிலதுக்கு, பெருசானாலும் வளையம் போகாது. ஊருக்கு ஊரு மாறும், வயசுக்கு வயசு மாறும்."

"அப்ப கோயில் பாம்பு இல்லியா? வெஷம்?" என்றேன் மிஷினுக்குள்ளிருந்து.

"முட்டைய விட்டு வர்றப்பவே இருக்கும். அந்தக் கோயில் பாம்புக்குங்கூட வெஷம் இருக்கு அண்ணே."

நான் தாத்தா என்று மரியாதை கொடுத்தது, பிறந்து சில நாளான குழந்தைக்கு. கோயில் பாம்பு கறுப்புக்கு வந்து சேருகிறது, இது கறுப்பிலிருந்து கிளம்புகிறது. எனக்குத் தெரிந்த ஒரே பாம்புப் பாடத்தையும் வேறு பாம்பிடம் போய் ஒப்பித்திருக்கிறேன்.

என்னை உருவி எடுத்தபோது காலில் அவளுடைய வேலைக்குப் போகும் பாஜு சட்டை சுற்றியிருந்தது. மாமா ஏற்கெனவே காடியை ஸ்டார்ட் பண்ணிவிட்டார். அவள் அப்பா, ஒப்புக்குக் கேட்பது போல, "நீ என்னம்மா சொல்ற?" என்றார்.

ஸ்டெல்லா என் காற்சட்டையிலிருந்து சொட்டும் நுரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இவரு கதை அளந்தா அங்கயே மாட்டிக்கிறாருப்பா. நான் தேடிக் கண்டுபிடிக்க வேணாம். எனக்குச் சரி."

எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு, அவள் தங்கையைப் பார்க்க பட்டர்வொர்த்திலிருந்து ஒருவர் வந்தார். பட்டதாரி, அமைதியானவர், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். எல்லோருக்கும் பிடித்துப்போய் கல்யாணமும் முடிந்து, இரண்டு பிள்ளைகளும் ஆகிவிட்டன. என் மாமியாருக்கு மட்டும் அவர்மேல் இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை.

"நல்ல பையன்தான் லா" என்பார். "ஆனா பாம்பு வெச்சுப் பார்க்கலியே."