மோதல் பூஜ்யம்

மனித குலம் சண்டையை ஒழிக்கப் பல நூற்றாண்டுகளாகத் திணறிக்கொண்டிருக்க, கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி அதை இரண்டே நாளில் ஒழித்துக் காட்டியது. இந்தப் பெருமையில் நர்ஸ் ருக்ஷானாவுக்கும் பங்குண்டு. சண்டை போட்டவளே அவள்தான்.

முப்பது குழந்தைகள் இருந்த வார்டில் அன்று அவளும் இன்னொரு நர்ஸ் ஃபரீனும் மட்டும். எலவனாசூர்கோட்டையிலிருந்து காய்ச்சலோடு வந்த ஐந்து வயது அபிநயாவுக்கு டிரிப்ஸ் ஏறிய கை வீங்கிவிட்டது. அப்பா ஆதிமூலம் மூன்று முறை கூப்பிட்டும் ஆள் வரவில்லை. ருக்ஷானா வேறொரு குழந்தைக்கு ஆக்சிஜன் வைத்துக்கொண்டிருந்தாள்.

"எம் பொண்ணு கை வீங்கிக்கினே போவுது. காது கேக்கலியா உனக்கு?"

"எனக்கும் ரெண்டு கைதாங்க இருக்குது."

வார்டே கேட்டது. நிர்வாக அதிகாரி சிவசங்கர் உடனடியாக ‘மோதல் மேலாண்மைக் குழு’ அமைத்தார். நர்ஸ்களிடம் புன்னகைப் பற்றாக்குறை நிலவுவதாகக் குழு கண்டுபிடித்தது. அதைப் போக்க, ஃபரீனை இரண்டு நாள் ‘புன்னகைப் பயிற்சி’க்கு அனுப்பினார்கள். தனியாக நின்ற ருக்ஷானாவுக்குப் பயிற்சியின் சாரம் ஒரு தாளில் வந்து சேர்ந்தது: முதலில் புன்னகைக்கவும், பிறகு ‘உங்கள் உணர்வு புரிகிறது’ என்று சொல்லவும்.

மறுநாள் மத்தியானம் ஒரு குழந்தைக்கு வலிப்பு வந்தது. புன்னகைக்க அவகாசமின்றி அதைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினாள். திரும்பி வந்தபோது ஆதிமூலம் கட்டில் கட்டிலாக நடந்துகொண்டிருந்தார்.

"ஏழாம் பெட்டுலயும் பன்னெண்டுலயும் டிரிப்ஸ் தீரப்போவுதும்மா. நான் எதையும் தொடல, பாத்துக்கினுதான் இருந்தேன். அந்தப் புள்ள எப்டி இருக்குது?"

"பொழச்சிக்கிச்சிண்ணே" என்றாள். இரண்டு பாட்டில்களையும் மாற்றிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆளு பத்தலன்னு ஆபீசுக்கு நீ எழுதும்மா. நானும் கையெழுத்து போடறேன்" என்றார் ஆதிமூலம்.

மனு போனது. சிவசங்கர் பூரித்துப்போனார். அந்த மனுவுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, ‘மோதல் பூஜ்யம்’ என்று தலைப்பிட்டு, வார்டு வாசலில் தானே மாட்டினார். உள்ளே எழுதியிருப்பதைப் படித்தாரா என்று ருக்ஷானா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"படிக்கணுமா இன்னா? சண்டை போட்ட ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல கையெழுத்து போட்டுக்கிறீங்க. நமக்கு அது போதும்மா."

குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிற பெற்றோர் இப்போது வாசலிலேயே நின்று படிக்கிறார்கள்: ‘முப்பது குழந்தைகளுக்கு ஒரு நர்ஸ் போதாது. எந்தக் குழந்தைக்கு என்ன ஆனாலும் அதற்கு நிர்வாகமே பொறுப்பு.’