நானோ அண்ணன் நலம் விசாரிக்கிறார்

ஆஸ்பத்திரிகளில் பார்வை நேரத்தில் மட்டும் முளைக்கும் ஓர் உயிரினம் உண்டு. கையில் பழப்பை, சட்டையில் போன், போனுக்குள் மொத்த மருத்துவமும். கட்டிலில் கிடப்பவரைப் பார்க்க வந்ததாகச் சொல்லும். பார்ப்பதென்னவோ மேசை மேலிருக்கும் மாத்திரை அட்டைகளை. பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கும். பாதி உயிர் அதிலேயே போகுமா, போகாதா?

கேன்சர் வார்டில் கிடந்த ஒரு தையல்காரப் பெண்ணுக்கு அப்படி வாய்த்தவர் கூடப்பிறந்த அண்ணன். அவள் மகள் அவருக்கு வைத்த பெயர் நானோ மாமா. முதல் மருந்து ஏற்றியதில் முடி கொட்டி, குடித்த தண்ணீரும் வயிற்றில் தங்காமல், மறுநாள் இரண்டாவதை ஏற்றிக்கொள்ள அவள் மனசைப் பிடித்து நிறுத்தியிருந்த சாயங்காலமாகப் பார்த்து வந்து சேர்ந்தார்.

"பாப்பா, உனக்கு இப்ப ஏத்துறாங்களே, அது நல்ல செல்லு, கெட்ட செல்லு பார்க்காது. எல்லாத்தையும் போட்டுத் தாக்கும். புதுசா ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கான். கண்ணுக்கே தெரியாத நானோ உருண்டை. உள்ள மருந்து, மேல ஆப்டமர்னு ஒரு பூச்சு. அது கேன்சர் செல்லை மட்டும் தேடிப்போய் ஒட்டும். மத்ததை ஏறெடுத்தும் பார்க்காது."

அவர் பேச்சுக்கு அந்தப் பூச்சு இல்லை. பக்கத்துக் கட்டில் அம்மாளின் டம்ளர்கூட வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

"எங்க மாமா குடுக்குறாங்க?" என்றாள் மகள்.

"இப்போதைக்கு எலிக்குத்தான்."

"அப்ப நீங்க எலியைப் பார்க்கப் போயிருக்கலாமே!"

மாமாவுக்கு உறைக்குமா? "மனுஷனுக்கும் வரும்டி. கொஞ்ச வருஷம் பொறுத்தா..."

தங்கைக்கு உறைத்துவிட்டது. "சிஸ்டர், நாளைக்கு வேணாம். அந்தப் புதுசு வரட்டும், ஏத்திக்கிறேன்."

மகளின் முகம் வெளிறியது. நர்ஸ் டாக்டரைக் கூப்பிடத் திரும்பினாள்.

இதற்குள், பேசிப் பேசி அண்ணனுக்கே மண்டை இடித்தது. சட்டைப்பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து லபக்கென்று விழுங்கினார்.

"என்னண்ணே அது?"

"தலைவலி மாத்திரை."

"நேராத் தலைக்குப் போயிடுமா?"

"அதெப்படி? உடம்பு பூராச் சுத்தும். தலைக்கும் போகும்."

"தேடிப்போறது வர்ற வரைக்கும் பொறுக்க வேண்டியதுதானே?"

"வலிக்குதே, பாப்பா!"

சொன்ன பிறகுதான் தாம் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. பக்கத்துக் கட்டில் களுக்கென்றது. தங்கையும் சிரித்துவிட்டாள்.

"சிஸ்டர், நாளைக்கே ஏத்துங்க. அண்ணே, நீ காலையிலயே வந்துடு. வாந்தி வந்தா பாத்திரம் பிடிக்க ஆள் வேணும். வாயை மட்டும் திறக்காதே."

அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், ரொம்ப நேரம். அத்தனையையும் பயத்தில்தான் தேடித் தேடிப் படித்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரியாதா?

இந்த இனத்துக்குக் கொம்பு கிடையாது, கண்டுபிடிப்பது கஷ்டம். ஒரே வழிதான். ஆப்டமரைப் பற்றி இங்கே இரண்டு வரி படித்ததுமே, உடம்புக்கு முடியாத யாரையாவது கூப்பிட்டு விளக்க வேண்டும்போல் விரல் துறுதுறுக்கிறதா?

போனைக் கீழே வையுங்கள்.