சில்லறையாரின் மிச்சக்காசு

எனக்கு எழுபத்தாறு வயது. வளர்த்தது ஏழு பேர். ஐந்து நான் பெற்றது, இரண்டு என் தங்கச்சி விட்டுப்போனது. ஏழு பேரையும் ஆளாக்கிக் கட்டிக்கொடுத்த எனக்கு, பக்கத்தில் கச்சான் வண்டில் வைத்திருந்த ஒரு மனுசனைத் திருத்த ஏலாமல் போய்விட்டது. திருகோணமலைத் துறைமுகத்துக்கு உலகத்துக் கப்பலெல்லாம் வந்து போயிருக்கிறது. சில்லறையாரைப் போல ஒரு ஆள் எந்தக் கப்பலில் இருந்தும் இறங்கினதில்லை. இறங்கியிருந்தால், அந்தக் கப்பல் திரும்பிப் போகும்போது பாட்டுப் பாடிக்கொண்டு போயிருக்கும்.

கடற்கரையில் என்னுடையது மாங்காய் அச்சாறு மேசை. அவருடையது கச்சான் வண்டில்; நிலக்கடலை வறுத்துச் சுருளில் விற்பார். நடுவில் ஒரு குடை இடைவெளி. அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும்; ஆருக்கும் அது தேவைப்படவில்லை. மிச்சக்காசு விசயத்தில் அவர் அப்படி. மற்றக் கடைக்காரர் இரண்டு ரூபாய் மிச்சத்துக்கு ஒரு டொபி தந்து அனுப்புவார்கள். இவர் தரமாட்டார். ஒருமுறை ஒரு மூதூர்ப் பெடியன் மிச்சம் வாங்காமல் பஸ் ஏறிவிட்டான் என்று, அடுப்பை எரியவிட்டுப்போட்டு பஸ்சுக்குப் பின்னால் ஓடினவர். பஸ் நிற்கவில்லை. இவரும் நிற்கவில்லை. மிச்சம் கொடுத்துவிட்டு வரும்போது கச்சான் கரி.

"எடேய் தம்பி, ரெண்டு ரூபாக்கு இவ்வளவு ஓட்டமோ?" என்று கேட்டேன்.

"அக்கா, மற்றவன்ர காசு என்ர மடியில கிடந்தா எனக்கு நித்திரை வராது" என்றார். அதற்கு மேல் அவரோடு கதைக்க ஏலாது.

காசை வாங்குவதிலும் அவருக்கு ஒரு முறை இருந்தது. எந்தக் குத்திக்காசையும் கச்சான் வறுக்கிற தாச்சி விளிம்பில் ஒரு தட்டுத் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்பார். சத்தம் பிடித்தால்தான் கச்சான். ஒருநாள் ஒரு பெரிய மனுசர் ஒரு சுருள் கச்சானுக்கு ஐயாயிரம் ரூபாய்த் தாளை நீட்டினார். சில்லறையார் அதைச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

"ஐயா, இதைக் கொண்டுபோய் நல்ல வள்ளம் ஒண்டு வாங்குங்கோ. கச்சான் வாங்காதையுங்கோ."

எங்கள் இரண்டு பேருக்கும், நாளின் முதல் காசுக்கு, கைவியளம் என்று ஒரு வழக்கம். பின்னேரம் கடை விரித்ததும், மூத்தவள் என்றபடியால் நான் ஒரு பத்து ரூபாய்க் குத்தியை அவர் கையில் வைத்து ஒரு பிடி கச்சான் வாங்குவேன். அவர் அதைத் தட்டிக் கேட்டு, கண்ணில் ஒற்றி, அதே குத்தியை என்னிடம் தந்து ஒரு துண்டு மாங்காய் வாங்குவார். ஆருக்கும் ஒரு சதம் லாபமில்லை. ஆனால் அது நடக்காமல் அவரும் விற்கமாட்டார், நானும் விற்கமாட்டேன். என் கை ராசியான கை என்று அவர் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார். அது உண்மைதான், நானும் மறுக்கவில்லை.

பிறகுதான் காலம் மாறத் தொடங்கியது. பெடியன்களின் சட்டைப்பையில் காசு இல்லாமல் போய்விட்டது. உப்புவெளிப் பக்கம் தங்குகிற வெள்ளைக்காரரும் போனைத்தான் நீட்டினார்கள். அங்கால் சோளம் விற்கிற வான் ஒன்று காட் தேய்க்கிற மெசினோடு வந்து நின்றது. சனம் முழுக்க அங்கே. கடைசியில் கழுத்துப்பட்டி கட்டின ஒரு பாங்குத் தம்பி வந்து, கறுப்புக் கட்டம் கட்டமாய்ப் போட்ட ஒரு மட்டையை வண்டிலில் கட்டிவிட்டான்.

"ஐயா, சனம் இதைப் போனால படம் பிடிக்கும். காசு உங்கட கணக்குக்கு வரும்."

"எந்த வழியால வரும்?"

"மேலால போய் வரும் ஐயா."

"தம்பி, எங்கட ஆக்களில மேல போன ஒருத்தரும் இன்னும் திரும்பி வரேல்லை."

ஆனால் அன்றைக்கே முதல் காசு வந்துவிட்டது. அவருடைய மகள் வாங்கிக் கொடுத்த புதுப் போன் 'டிங்' என்றது. சில்லறையார் போனை எடுத்தார், கண்ணில் ஒற்றினார், பிறகு பழக்கதோசத்தில் தாச்சி விளிம்பில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டிக் காதைக் கொடுத்தார். கண்ணாடி குறுக்கே வெடித்துவிட்டது.

"நல்ல காசுதான்" என்றார்.

அன்றிலிருந்து மனுசனுக்குப் பித்துப் பிடித்தது. கையால் காசு வாங்குவதையே விட்டுவிட்டார். தாளைக் கண்டால் முகத்தைச் சுளிப்பார். "சீ, ஊர் முழுக்கத் தொட்டது!" இத்தனை வருசமும் ஊர் முழுக்கத் தொட்டதைக் கண்ணில் ஒற்றினவர் சொல்கிற கதை இது.

அந்த மட்டையை அவர் யந்திரம் என்றுதான் சொல்வார். கோயிலில் தகட்டில் கட்டம் கீறித் தருவார்களே, அதுபோல இது காசை இழுக்கிற யந்திரமாம். ஒரு வெள்ளிக்கிழமை வந்து பார்த்தால், மட்டையின் மூலைகளில் இருந்த மூன்று பெரிய கட்டத்திலும் சந்தனம், குங்குமம், திருநீறு என்று ஒவ்வொன்றாய் அப்பியிருக்கிறார். வந்தவர்களின் போன் ஒன்றும் அதைப் படிக்கவில்லை. இவர் ஒவ்வொருத்தரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை குளிச்சிட்டோ வந்தனீங்கள்?"

"ஐயா, கட்டத்தில சந்தனம் பூசிக் கிடக்கு. அதுதான் எடுக்குதில்லை" என்றான் ஒரு பெடியன்.

"மூலைக்கு மூலை இடம் விட்டிருக்கிறாங்கள். பொட்டு வைக்க இல்லாட்டி வேற என்னத்துக்கு?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

சரி என்று மட்டையைத் துடைத்து, காயட்டும் என்று வண்டில் சில்லில் சாத்திவைத்தார். எங்கள் ஊர் மான்கள் உங்களுக்குத் தெரியுமோ தெரியாது. கோட்டைப் பக்கத்தில் இருந்து ஆடுமாட்டைப் போலத் தெருவுக்கு வரும். பேப்பரோ மட்டையோ, அகப்பட்டதைத் தின்னும். ஒரு கொம்பன் மான் வந்து யந்திரத்தை ஆறுதலாக மென்று விழுங்கிவிட்டுப் போனது.

"ஐயோ, என்ர பாங்கைத் திண்டிட்டுதே!" என்று சில்லறையார் பின்னால் ஓடினார். அந்த நேரம் ஒரு வெள்ளைக்காரச் சோடி அதே மானைப் போனில் படம் எடுத்துக்கொண்டு நின்றது. இவர் அவர்களுக்கு முன்னால் போய்க் கையை நீட்டினார். "படம் எடுத்தனீங்கள்தானே? அப்ப காசு வந்திருக்கவேணும்." அதுகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை, பயத்தில் ஐந்நூறு ரூபாய்த் தாள் ஒன்றை நீட்டின. இவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "நான் காசு தொடுறேல்லை."

இதெல்லாம் சிரிக்கலாம். எனக்குச் சிரிப்பு நின்றது எப்போதென்றால், பாங்குத் தம்பி புது மட்டையைக் கண்ணாடித்தாளில் ஒட்டிக் கொண்டுவந்த அன்று. வழமைபோல நான் கைவியளத்துக்குக் குத்தியை நீட்டினேன்.

"அக்கா, கையை நீட்டாதேங்கோ. போனை நீட்டுங்கோ."

"என்னட்ட இருக்கிறது பொத்தான் போன். அதில கதைக்கத்தான் ஏலும்."

"அப்ப உங்கட மகன்மாரிட்டச் சொல்லி நல்லது ஒண்டு வாங்குங்கோ."

"என்ர கைக்கு மரியாதை இல்லாத இடத்தில என்ர போனுக்கு என்ன வேலை?" என்று கேட்டுவிட்டு, குடையை மற்றப்பக்கம் திருப்பினேன். அவரும் தன் குடையைத் திருப்பினார். அதற்குப் பிறகு கைவியளமும் இல்லை, கதையும் இல்லை. சமாதானம் சொல்ல அவர் வரவில்லை. நான் போகிற ஆள் இல்லை.

ஒரு பின்னேரம் வண்டில் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாராம். இங்கே ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இருதயத்தில் அடைப்பு, ஒப்பறேசன் செய்யவேண்டும் என்று கண்டிக்கு ஏற்றிவிட்டார்களாம். பிறகு அவருடைய மகள் கண்டியில் இருந்து என்னைப் போனில் அழைத்தாள். அழுகிற குரல்.

"மாமி, நாளைக்குக் காலமை ஒப்பறேசன். அப்பா ஒப்பம் வைக்கமாட்டன் எண்டு நிக்கிறார். டொக்டர்மார் ஏசுகினம்."

"ஏன் மகள், பயமாமோ?"

"பயமில்லையாம். உங்கட கைவியளம் நிண்டதில இருந்துதான் நெஞ்சு அடைச்சதாம். உங்கட கையால காசு விழாமக் கத்தி வைக்க விடமாட்டாராம்."

குத்திக்காசோடு கண்டிக்குப் போய்ச் சேர விடிந்துவிடும். "அந்த மனுசனிட்டக் குடு போனை" என்றேன்.

"எடேய் விசரா! ஒப்பம் வையடா!"

"அக்கா, நீங்கள் அனுப்புங்கோ, நான் வைக்கிறன்" என்றார். குரல் நூல்போல இருந்தது. பிடிவாதம் மட்டும் கயிறுபோல.

இதை இப்போது நான் சொல்லச் சொல்ல எழுதுகிற பேத்தியைத்தான் கூப்பிட்டேன். அவள் தன் போனில் இருந்து ஒரு நிமிசத்தில் அனுப்பிவிடுகிறேன் என்றாள். அது எப்படி? அவள் காசு அவள் கை. கைவியளம் என்றால் என் காசு, என் கையால் போகவேண்டும். உதவிக்காசு விழுகிற கணக்கு ஒன்று பாங்கில் எனக்கு உண்டு. அதற்குப் பாங்கு தந்த காட்டை அலுமாரிக்குள் பட்டுச் சீலைக்கு அடியில் இருந்து எடுத்தோம். பேத்தி தன் போனில் என் கணக்கைத் திறந்தாள். என் பொத்தான் போனுக்கு ஒரு ரகசிய இலக்கம் வந்தது.

"அம்மம்மா, அந்த இலக்கத்தைச் சொல்லுங்கோ."

"சொல்லமாட்டன்."

"என்ன?"

"பாங்கில படிச்சுப் படிச்சுச் சொன்னவங்கள், இதை ஆருக்கும் சொல்லக்கூடாதெண்டு. நீயும் ஆரோதான்."

"நான் உங்கட பேத்தி அம்மம்மா!"

"பேத்திக்குச் சொல்லலாம் எண்டு அவங்கள் சொல்லேல்லை."

எழுத்து எனக்குக் கொஞ்சம்தான். இலக்கம் முழுக்கத் தெரியும். நானே குத்துகிறேன் என்று போனை வாங்கினேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டு, ஒரு விரலால் ஒவ்வொன்றாய்க் குத்தி முடிக்க, அது சிவப்பாய் ஏதோ காட்டியது.

"நேரம் போட்டுது அம்மம்மா. அந்த இலக்கம் செத்துப்போச்சு."

"இவ்வளவு கெதியாச் சாகிற இலக்கத்தை ஏன் அனுப்புறாங்கள்?"

திரும்பவும் ஒன்று வந்தது, அதுவும் செத்தது. அதற்குப் பிறகு வந்தது பக்கத்து வீட்டு மச்சாளின் கோழி கூவின நேரம் என்று நினைக்கிறேன். அதை உயிரோடு பிடித்துவிட்டேன். எவ்வளவு அனுப்புகிறது என்று போன் கேட்டது. பேத்தி எட்டிப் பார்க்க, சீலைத் தலைப்பால் மூடிக்கொண்டேன். பத்து ரூபாய். பாங்குப் புத்தகத்தில் சதத்துக்கும் இரண்டு சைபர் போடுவார்கள் என்று எனக்குத் தெரியும். நான் படிக்காதவள் என்று போன் நினைக்கக்கூடாது. அந்த இரண்டு சைபரையும் சேர்த்துக் குத்தி அனுப்பிவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் கண்டியில் இருந்து அழைப்பு.

"அக்கா! ஆயிரம் ரூபா வந்திருக்கு!"

அந்த இரண்டு சைபரும் செய்த வேலை. பிழைவிட்டதை ஒத்துக்கொள்ளுகிற பரம்பரையில் நான் பிறக்கவில்லை. "ஓம், ஆயிரம்தான் அனுப்பினனான்" என்றேன்.

"கைவியளம் பத்துத்தானே! மிச்சம் தொளாயிரத்துத் தொண்ணூறு ரூபா! இதை எப்பிடி நான் தாறது? டொக்டர் கத்தியோட நிக்கிறான்!"

"வந்து தாங்கோ."

"வராட்டி?"

"வராட்டி ஊரில சொல்லுவன், சில்லறையார் என்ர மிச்சக்காசைக் கொண்டு ஓடிட்டார் எண்டு."

பிறகு தூரத்தில் அவர் கத்துவது கேட்டது. "பிள்ளை! எங்க அந்தக் கடுதாசி? கொண்டா! கெதியாக் கொண்டா! ஒப்பம் வைக்கவேணும்!"

அப்படித்தான் அவர் தப்பினார். டொக்டர்மார் தங்களுடைய கைத்திறன் என்று சொல்லுகிறார்களாம். சொல்லட்டும்.

இப்போது வண்டில் திரும்பவும் என் பக்கத்தில்தான். தள்ளுவதற்கு மருமகன் வருகிறான். இவர் கதிரை போட்டு இருந்து அதிகாரம் பண்ணுகிறார். எனக்கும் மகன் ஒரு நல்ல போன் வாங்கித் தந்திருக்கிறான். கடை விரித்ததும் நான் பத்து ரூபாய் அனுப்புவேன், அவர் பத்து ரூபாய் அனுப்புவார். அது முடிந்ததும் சண்டை தொடங்கும்.

"அக்கா, அந்த மிச்சம்."

"அவசரமில்லை தம்பி."

"எனக்கு நித்திரை இல்லை அக்கா. இண்டைக்கு அனுப்பிவிடுறன்."

"அனுப்பினா நான் திருப்பி அனுப்புவன். நாளைக்குப் பாப்பம்."

இரண்டு தரம் களவாக அனுப்பிப் பார்த்தார். இரண்டு தரமும் நானே, என் கையாலேயே, ஒரு சதம் குறையாமல் திருப்பி அனுப்பினேன். இப்போது சைபர் எல்லாம் எனக்குச் சரியாக வரும். அந்தக் காசை நான் வாங்கினால் இந்த மனுசன் ஆறுதலாக நித்திரை கொண்டுவிடுவார். அவர் இன்னும் கனகாலம் நித்திரை இல்லாமல் என் பக்கத்தில் இருந்து புறுபுறுக்கவேண்டும்.

சரி பிள்ளை, போதும். எழுதினதை முதலில இருந்து ஒருக்கா வாசிச்சுக் காட்டு பாப்பம். மெல்லமா வாசி, அவர் இந்தப் பக்கம்தான் காதைக் குடுத்துக்கொண்டு இருக்கிறார்.