கார்டு முடிந்தால் தானாகப் போய்விடும்

காலாவதிக்காரர் என்று ஓர் இனம் உண்டு. உங்கள் தெருவிலும் இரண்டு பேர் இருப்பார்கள். வாயைத் திறந்து 'வேண்டாம்' என்று சொல்ல இவர்களுக்கு வராது. உடற்பயிற்சிக் கூடமா, ஒயின் சங்கமா, உறையைக்கூடப் பிரிக்காத மீன்பிடிப் பத்திரிகையா, எதில் சேர்ந்தாலும் சேர்ந்ததுதான். மாதாமாதம் காசு போகிறதே, நிறுத்தலாமே என்றால், "வர்ற மார்ச்சோட கிரெடிட் கார்டு முடியுது, தானா நின்னுடும்" என்பார்கள். என்ன சாமர்த்தியம்!

ஆஸ்திரேலியாவில் பல்லாரட் ஊரின் பிளம்பர் டெஸ்மண்ட் பிக்கரிங் இந்த இனத்தின் மாணிக்கம். அடைத்த சாக்கடைக்குள் தோள்வரை கையை விடுவார்; ஒரு பெண் போனில் இனிமையாக "ஏன் விலகுறீங்க?" என்று கேட்டால் மட்டும் வெலவெலத்துப் போவார். நாலு வருடம் முன்பு துணை தேடித் தரும் இணையதளம் ஒன்றில் சேர்ந்தார். மூன்றாம் வாரமே நோரீன் கிடைத்தாள், கல்யாணமும் ஆயிற்று. வந்த வேலை முடிந்தால் வெளியே வர வேண்டாமா? ஒருதரம் போன் செய்தார். விலகப் போனவர், தங்க உறுப்பினராகித் திரும்பினார்!

ஒருவழியாக மார்ச் வந்தது. பழைய கார்டை எட்டுத் துண்டாக வெட்டிக் குப்பையில் போட்டார். சனி விட்டது என்று ஒரு பீர் குடித்தார். இனி மறைக்க ஒன்றுமில்லை என்ற தைரியத்தில், புதுக் கார்டுக் கணக்கில் நோரீனையும் சேர்த்துக்கொண்டார்.

ஏப்ரல் கணக்கைப் பிரித்தவள் நோரீன்.

"டெஸ், இன்னும் யாரைத் தேடிட்டு இருக்க?"

பதறிப்போய், அவளும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு வங்கியைக் கூப்பிட்டார்.

"உங்களுக்குச் சிரமம் வேண்டாம்னு புது நம்பர், தேதி எல்லாத்தையும் நாங்களே அந்த இணையதளத்துக்கு அனுப்பிட்டோம் சார்."

"நான் கேட்டேனாம்மா?"

"கார்டு ஒப்பந்தத்தோட எழுபத்திரண்டாம் பக்கத்துல சம்மதிச்சிருக்கீங்க சார். தங்க உறுப்பினர்னு வேற போட்டிருக்கு, விட்டுப் போயிடக் கூடாதில்ல?"

"தங்கமா?" என்றாள் நோரீன்.

"ஐயோ, இதை இப்ப என் பொண்டாட்டிக்கு யாரும்மா சொல்றது?"

"அந்தச் சேவை எங்ககிட்ட இல்ல சார்."

வீட்டு முகவரியை மாற்றப் போனால் நாலு படிவம் கேட்டு நாயாய் அலைய விடும் வங்கி, உங்கள் கார்டு விவரத்தைக் கண்டவன் கையில் கொடுக்க உங்களை ஒரு வார்த்தை கேட்பதில்லை. கேட்டால், உபசாரமாம்! காலாவதிக்காரருக்கென்றே படைக்கப்பட்ட உபசாரம்.

நோரீன் கத்தவில்லை. கத்தியிருந்தால் டெஸ்மண்ட் பிழைத்திருப்பார்.

"காசு போகட்டும் டெஸ். நாளைக்கு என்னைப் பிடிக்காமப் போனாலும் இப்படித்தானா? ஒரு வார்த்தை சொல்லாம, தானா முடியட்டும்னு உட்கார்ந்திருப்பியா?"

சீச்சீ, நீ இல்லாமல் நானா என்று சொன்னால் தீர்ந்தது. தொண்டைவரை வந்தது, மனிதருக்கு அவள்மேல் உயிர். ஆனாலும், கோபம் நாளடைவில் தானாக ஆறிவிடும் என்று சும்மா இருந்துவிட்டார். நோரீன் பெட்டியை எடுத்துக்கொண்டு ஜீலாங்கிலிருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். போய் மூன்று வாரம் ஆகிறது. இவர் இன்னும் கூப்பிடவில்லை.

இப்படியும் ஒரு மனிதரா என்று தலையில் அடித்துக்கொள்கிறீர்களா? அது கிடக்கட்டும். உங்கள் கார்டு எந்த மாதம் முடிகிறது?

அடேயப்பா, எடுத்துப் பார்க்காமலே சொல்லிவிட்டீர்களே!