குட்டையில் ஒரு நங்கூரம்

வாய் திறக்காதவனுக்கு எல்லாம் தெரியும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. அந்த நம்பிக்கையால் மரியாதை பெற்றவர்கள் ஏராளம். படகைக் கவிழ்த்தவன் நான் ஒருவன்தான்.

எழுபதுகளின் தொடக்கம். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு (படிப்புதான் என்னை விட்டது என்பாள் என் மனைவி) திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கரிப் பெட்டியால் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். யார் எதைக் கேட்டாலும் தலையாட்டுவேன். "இல்லை" என்றால் "ஏன்" என்பார்கள், அதற்கு வேறு பதில் சொல்ல வேண்டும். தலையாட்டினால் பேச்சு அதோடு முடிந்தது.

கல்யாணப் பேச்சும் அப்படியே முடிந்துகொண்டிருந்தது. பெண் பார்க்கப் போன இடத்திலெல்லாம், "பையனுக்குப் பேச்சு வருமுங்களா?" என்று என் அம்மாவிடம் தனியாகக் கேட்டார்கள். அம்மா கடைசியில் முதலாளியிடம் போய் அழுதாள்.

"குன்னத்தூர்ல எம்பட தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டக்காரருக்கு ஒரு பொண்ணு இருக்குது. நான் சொன்னா அவரு தட்ட மாட்டாரு," என்றார் முதலாளி என்னிடம். "ஆனா நீ எனக்கொரு வேலை செஞ்சு குடுக்கோணும் கண்ணு."

வேலை, படகு. ஊரில் இரண்டு கம்பெனிக்காரர்கள் கார் வாங்கிவிட்டார்கள். மூன்றாவதாக வாங்கும் காரை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? அதனால் எங்கள் முதலாளி மலைமேல் எங்கோ ஏலத்தில் ஒரு பழைய பைபர் படகை எடுத்து, தோட்டத்துக் குட்டையில் விடுவதற்காக லாரியில் கொண்டுவந்திருந்தார். கண்ணாடி நாரையும் பசையையும் அடுக்கடுக்காகச் சேர்த்துச் செய்த படகு அது. அடிப்பக்கம் முழுக்க வெடிப்பும் மேடுபள்ளமும்.

"அடியெல்லாம் சொரசொரன்னு இருக்குது, மழமழன்னு ஆக்கோணும். சுருக்கம் எடுக்கறதுல உன்னைய உட்டா ஆளு யாரு? செய்வீல்ல?"

தலையாட்டினேன்.

கோயம்புத்தூரில் சாமான் விற்ற கடைக்காரர், "இதுக்கு முந்தி பண்ணியிருக்கீங்கல்ல?" என்றார். அங்கேயும் தலையாட்டினேன். "அப்ப நான் சொல்றதுக்கு ஒண்ணும் இல்லீங்க," என்று பசை டின், அதை இறுகவைக்கும் மருந்து ஒரு சிறு பாட்டில், கண்ணாடி நார்த்துணி, உப்புத்தாள் எல்லாவற்றையும் கட்டிக் கொடுத்துவிட்டார்.

தோட்டத்தில் இரண்டு டிரம் மேல் படகைக் கவிழ்த்துப் போட்டு உப்புத்தாளால் தேய்த்தேன். அதுவரை குறை சொல்ல முடியாது. பிறகு அந்த நார்த்துணியை, கம்பெனியில் பனியன் கட்டைத் தூக்குவது போல, வெற்று உடம்போடு அணைத்துத் தூக்கினேன். கம்பளிப்பூச்சிக் கூட்டத்தைக் கட்டிப்பிடித்த மாதிரி அரிப்பு. தோட்டத்து மாடுகளே தோற்றுப்போகும்படி வேப்பமரத்தில் முதுகைத் தேய்த்தேன். இப்படி அரிக்கும் துணியைக் கடைக்காரர் தவறுதலாகக் கொடுத்திருக்க வேண்டும் என்று முடிவுசெய்து, கம்பெனியிலிருந்து ஒரு மூட்டை பனியன் துணி கொண்டுவந்தேன். உடம்புக்கு இதமானது, படகுக்கும் இதமாகத்தானே இருக்கும்?

மருந்து பாட்டில் சின்னதாக இருந்ததால், விலை உயர்ந்தது போலிருக்கிறது என்று சிக்கனமாகச் சொட்டுவிட்டுப் பசையைத் தடவினேன். மறுநாளும் அது அல்வா மாதிரியே இருந்தது. ஈக்கள்தான் இறுகியிருந்தன. கோபத்தில், மிச்சமிருந்த மருந்து முழுவதையும் அடுத்த தவணைப் பசையில் கொட்டிக் கலக்கி, பனியன் துணியை அதில் நனைத்து அதன்மேலேயே ஒட்டினேன்.

துணி ஒட்டியது. ஆனால் சுருக்கம்! கிழவன் வயிறு மாதிரி மடிப்பு மடிப்பாகச் சுருக்கம். சுருக்கத்தைக் கண்டால் சும்மா இருக்கிற கையா இது? மேலே ஒரு வெள்ளைத் துணியை விரித்து, இஸ்திரிப் பெட்டியில் கங்கு போட்டு, தேய்க்கத் தொடங்கினேன். (அன்று தீப்பிடிக்காமல் போனது குலதெய்வம் செய்த வேலை என்று கடைக்காரர் பின்னால் தலையில் அடித்துக்கொண்டார்.) மூக்கை அரிக்கும் ஒரு நாற்றம் வந்தது. ஆனால் மடிப்பு மறைந்தது. அந்த நேரத்தில் உலகத்திலேயே கெட்டிக்காரன் நான்தான்.

"இதா, இவந்தானுங்க நான் சொன்ன பையன்!"

திரும்பினால் முதலாளி. பக்கத்தில் தலைப்பாகையோடு பெண்ணின் அப்பா.

வேட்டியை மடித்துக் கட்டியபடி மாமனார் ஆகப்போகிறவர் முன்னால் நிற்க முடியுமா? பெட்டியைப் படகின்மேல் அப்படியே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் வேட்டியை இறக்கிவிட்டுக் கும்பிட்டேன். முதலாளி என் பெருமையைச் சொல்லத் தொடங்கினார். நடுவில் நிறுத்தினால் மரியாதை ஆகுமா? அவர் முடிக்கும்வரை நின்றேன்.

"பொட்டிய எடு கண்ணு. மாமா மழமழப்பைத் தொட்டுப் பாக்கட்டும்."

எடுத்தேன். வரவில்லை. இழுத்தேன். படகும் சேர்ந்து வந்தது.

பெண்ணின் அப்பா குனிந்து பார்த்தார். "ஏனுங்க, இந்தப் பொட்டி எதுக்குங்க?"

தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவர் முதலாளி. "அது நங்கூரமுங்க. கப்பலுக்குப் பெருசா வெப்பாங்க, படகுக்கு இத்தனை போதும்."

"உள்ள கரி எதுக்குங்க?"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

அத்தோடு விட்டிருக்கலாம். விருந்தாளி வந்த உற்சாகத்தில், "இப்பவே தண்ணியில உட்டறலாமுங்க," என்றார் முதலாளி. பண்ணையாட்கள் படகைத் திருப்பிக் குட்டையில் தள்ளினார்கள். இரண்டு பேரும் ஏறி உட்கார்ந்தார்கள். நான் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று தள்ளினேன். வடக்கே தள்ளினால் மேற்கே போனது. அடியில் இருந்த நங்கூரத்தின் பக்கமாகவே ஒருக்களித்துச் சாய்ந்தது. முதலில் தடவிய இறுகாத அல்வாவோடு பனியன் துணி ஆரஞ்சுத் தோல் மாதிரி உரிந்து தண்ணீரில் விரிந்தது. முதலில் முதலாளி, "ஒண்ணுமில்லீங்க, ஒண்ணுமில்லீங்க," என்றார். பிறகு படகு கவிழ்ந்து, அவர் வாயில் தண்ணீர் போனதால் நிறுத்திக்கொண்டார்.

பெண்ணின் அப்பா எழுந்து நின்றார். அவருடைய தலைப்பாகை எங்கள் இருவருக்கும் நடுவில் மிதந்தது.

"ஏனுங்க தம்பி, நெசத்தைச் சொல்லுங்க. உங்களுக்கு இந்த வேலை தெரியுங்களா?"

தலை ஆடத்தான் பார்த்தது. தலைப்பாகையைப் பார்த்தேன். போகிற சம்பந்தம் போகட்டும் என்று தோன்றிவிட்டது.

"தெரியாதுங்க."

"உங்க முதலாளிக்கு?"

"அவருக்குந் தெரியாதுங்க."

முதலாளி அதற்குப் பிறகு எனக்காக எந்த வீட்டிலும் பேசவில்லை. என்னோடும் வெகுநாள் பேசவில்லை. ஆனால் அந்த வாரமே பெண்ணின் அப்பா தானாக எங்கள் வீட்டுக்கு வந்தார். "முதலாளிய முன்னால வெச்சுக்கிட்டே அவருக்குந் தெரியாதுன்னு சொன்ன ஆளை நான் இப்பத்தானுங்க பாக்கறேன்," என்றார் அம்மாவிடம். பெண் சம்மதித்த காரணம் வேறு. நனைந்த வேட்டியோடு வீடு திரும்பிய அப்பா நங்கூரக் கதையைச் சொன்னதும், கையிலிருந்த பால் சொம்பைக் கீழே போட்டுச் சிரித்தாளாம். அந்த ஆளை நேரில் பார்க்க வேண்டும் என்றாளாம். இன்றுவரை பார்த்துக்கொண்டிருக்கிறாள், அதே சிரிப்போடு.

எங்கள் மகளுக்கு வரன் தேடியபோது முதலில் வந்த பையனுக்கு நல்ல வேலை, நல்ல குடும்பம். காபித் தம்ளரைக் கொடுத்துக்கொண்டே என் மனைவி கேட்டாள்: "தம்பி, படகு ரிப்பேர் பண்ணத் தெரியுங்களா?" பையன் மரியாதைக்குத் தலையாட்டினார். மனைவி என் காதோரம், "வேண்டாமுங்க, ஊட்டுக்கு ஒண்ணு போதும்," என்றாள்.

அடுத்து வந்தவரிடமும் அதே கேள்வி. "தெரியாதுங்க அத்தை. ஏனுங்க கேக்கறீங்க?" என்றார். அவர்தான் மாப்பிள்ளை.

அந்தக் கேள்விக்கு இன்றுவரை அவருக்குப் பதில் கிடைக்கவில்லை. என் மனைவி சொல்லத் தொடங்குவாள். நங்கூரம் வரும்போது சிரிப்பு வந்து அங்கேயே நின்றுவிடும். என்னைக் கேட்டால் நான் தலையாட்டுவேன். அதனால்தான் இதை எழுதினேன், மாப்பிள்ளை.