சிக்னல்காரரின் மூன்று கன்ட்ரோலர்கள்

"அசையுதா?" என்று கதவோரத்திலிருந்து கேட்டாள் மனைவி.

"விளக்கு எரியுது. அசையத்தான் மாட்டேங்குது" என்றார் சிக்னல்காரர்.

ரயில்வே சிக்னல் அறையில் முப்பத்து நாலு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். பின்பக்க அறையில் மரம் செதுக்கும் மெஷின் ஒன்றைத் தானே பூட்டி நிறுத்தியிருந்தார். கணினியில் எழுத்தையோ பூவையோ வரைந்து கொடுத்தால், அதுவே பலகையில் செதுக்கிவிடும். அதாவது, செதுக்க வேண்டும். நடுவில் கன்ட்ரோலர் என்று ஒரு ஆசாமி உண்டு. 'நீ இந்தப் பக்கம் போ, நீ கீழே இறங்கு' என்று மோட்டார்களுக்கு உத்தரவு போடுவது அதன் வேலை. அந்த ஆசாமிதான் வாயைத் திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது.

அவருக்கு இருந்ததோ பத்து நாள். பத்தாம் நாள் அவர்களுடைய முப்பதாவது கல்யாண நாள். அவர் வாழ்க்கையில் பாதி, ராத்திரி டியூட்டியிலேயே போய்விட்டது. பிள்ளையை வளர்த்தது, வீட்டைக் கட்டிக் காத்தது எல்லாம் அவள்தான். வாசலில் தொங்கியதோ அவர் பெயர் மட்டும். மேலே அவள் பெயர், கீழே தன் பெயர் என்று ஒரு பலகை செதுக்கி மாட்ட வேண்டும். யாரிடமும் மூச்சு விடவில்லை. கேட்டால், "சும்மா ஒரு பூ செதுக்கிப் பார்க்கிறேன்" என்பார்.

கடைக்காரருக்குப் போன் போட்டார்.

"சார், உங்க கன்ட்ரோலர் சின்ன போர்டு. உங்க மோட்டாருக்கெல்லாம் தாங்காது. பெரிய கார்டா வாங்குங்க."

இரண்டாவது கன்ட்ரோலராகப் பெரிய கார்டு வந்தது. அது பழைய கணினியில்தான் பொருந்தும் என்பது வந்த பிறகு தெரிந்தது. மகன் படிக்கிற காலத்தில் வாங்கிய கணினியைப் பரணிலிருந்து இறக்கினார். கூடவே இறங்கிய தூசி, துவைத்து மடித்த துணி மேலெல்லாம் படிந்தது. சுவிட்சைப் போட்டார். ஃபியூஸ் போய் வீடே இருண்டது. ஃபியூஸ் மாற்றியதும் கணினி சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொள்ள, குடும்பம் நாலு நாள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டது. மெஷின் அசையவில்லை. ஒயரிங்கில் கோளாறோ என்று அதையும் மாற்றிப் பார்த்தார். அதன் பிறகு மின்விசிறியைப் போட்டால் வாசல் மணி அடித்தது.

"பரவாயில்லைங்க" என்றாள் மனைவி. "அவசரமே இல்லை. நிதானமா பாருங்க. வேணும்னா இன்னொன்னு வாங்கிக்குங்க."

சிக்னல்காரருக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. எப்பேர்ப்பட்ட பெண்! அதுவும் ஓய்வு பெற்ற முதல் மாதத்தில் அவர் சமையலறையைச் சீர்திருத்தியதைப் பார்த்த பிறகு! மிக்ஸியைப் பழுது பார்த்தார். மூடி கூரையைத் தொட்டுவிட்டு வந்தது. டப்பா மூடிகளில் சிக்னல் கம்பம் மாதிரி நம்பர் ஒட்டினார். சர்க்கரை 6, உப்பு 9. ஒரு மூடி தலைகீழாகத் திரும்பி 9 என்பது 6 ஆனதில், வந்த விருந்தாளிகள் உப்புக் காப்பி குடித்தார்கள்.

அத்தனைக்கும் அவள் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. மெஷின் வாங்கலாமா என்று அவர் தயங்கியபோது "உடனே வாங்குங்க" என்றதே அவள்தான். "கை மாட்டிக்கிட்டா என்ன பண்றது?" என்று பதறி, எல்லாவற்றையும் நிறுத்துகிற பெரிய சிவப்புப் பொத்தானைக் கதவோரம் வைக்கச் சொன்னவளும் அவள்தான். தினமும் விடிந்ததும் அந்த அறையைத்தான் முதலில் பெருக்குவாள். இப்படியும் ஒருத்தி கிடைப்பாளா என்று நினைத்துக்கொண்டே போனில் மூன்றாவது கன்ட்ரோலரைத் தேடினார்.

மருமகளும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். "மாமா, இதுல ஸ்கிரீன் எல்லாம் இருக்கே, எதுக்கு? விளக்கு மட்டும் எரியறதே போதாதா?"

"போதாதும்மா. என்ன கோளாறுன்னு அதுவே எழுத்துல சொல்லுமாம்."

மருமகள் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் கீரை ஆய்வதில் மும்முரமாக இருந்தாள்.

கல்யாண நாள் காலையில் பெண்கள் இருவரும் கடைத்தெருவுக்குப் போன நேரத்தில் மூன்றாவது கன்ட்ரோலரைப் பொருத்தினார். ஸ்கிரீனில் பளிச்சென்று ஒரு வரி வந்தது: அவசரப் பொத்தான் அழுத்தப்பட்டிருக்கிறது.

சிக்னல்காரர் திரும்பிப் பார்த்தார். முப்பத்து நாலு வருஷம் சிவப்பை வைத்தே ரயிலை நிறுத்தியவர், சொந்த வீட்டுச் சிவப்பைப் பார்க்காமல் போனார்! தன் முழங்கைதான் இடித்திருக்கும் என்று வெட்கத்தோடு பொத்தானைத் திருகி விடுவித்தார். மோட்டார்கள் உறுமின. பலகையில் அவள் பெயரின் முதல் எழுத்து சுருள் சுருளாகத் தூளைத் தள்ளிக்கொண்டு எழுந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மதியம் மருமகளோடு திரும்பி வந்த மனைவி, வாசலில் மாட்டியிருந்த புதுப் பலகையைப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டாள். கைப்பை நழுவியது.

"இதையா... இத்தனை நாளா இதைத்தான் செய்யப் பார்த்தீங்களா?"

"வேற யாருக்குச் செய்யப் போறேன்? வேற யாரா இருந்தாலும் முதல் கன்ட்ரோலரோடயே மெஷினைத் தெருவுல தூக்கிப் போட்டிருப்பாங்க. நீ முகம்கூடச் சுளிக்கலை. உன் பொறுமைக்கு நான் ஏழு ஜென்மத்துக்கும் கடன்பட்டிருக்கேன்."

அவள் பலகையைத் தடவித் தடவி விம்மினாள். "என்னை மன்னிச்சுடுங்க..."

"மன்னிக்கிறதா? நீ என்ன தப்புப் பண்ணினே? அழாதே" என்று அவள் தோளைத் தட்டினார். "இனிமே மெஷின் தன்னால ஓடும். எனக்கு நாள் பூரா நேரம் இருக்கு. நாளையிலிருந்து உன் சமையலறையை மறுபடி கவனிக்கிறேன், பாரு!"

அழுகை சட்டென்று நின்றது. அவர் அளவு நாடாவை எடுக்க உற்சாகமாக உள்ளே போனார்.

மருமகள் மெதுவாக மாமியாரின் காதருகே குனிந்தாள்.

"அத்தை, தினமும் பெருக்கும்போது அந்தச் சிவப்புப் பொத்தானை அழுத்திட்டு வருவீங்களே, அது இனிமே பலிக்காது. நாளையிலிருந்து எந்த ஒயரைக் கழட்டலாம்?"