பேர் தெரிந்தால் நோய் தீர்ந்தது

நோயாளிகளில் பல ஜாதி உண்டு. வலித்ததும் டாக்டரிடம் ஓடுகிறவர், வலிக்கும் முன்பே ஓடுகிறவர், என்ன ஆனாலும் ஓடாதவர். இந்த மூன்றிலும் அடங்காத நாலாவது ஜாதி ஒன்று இருக்கிறது. நோய்க்குப் பேர் தெரிந்துவிட்டால் நோயே போய்விட்டதாக நினைப்பவர். எங்கள் திருவானைக்காவல் அழகர்சாமி அதில் முதல் தரம்.

உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பாரே? அவரிடம் போய்த் தலைவலி என்று சொல்லிப் பாருங்கள். மாத்திரை கிடைக்காது. மைக்ரேன் என்ற சொல் கிரேக்கத்தில் 'பாதி மண்டை' என்று புறப்பட்டு, பிரான்சில் இறங்கி, இங்கிலாந்தில் பஸ் மாறி, உங்கள் மண்டைக்கு வந்து சேர்ந்த கதைதான் கிடைக்கும். கதை முடிவதற்குள் பாதி வலி முழு வலியாகியிருக்கும்.

போன மாதம் ஒரு காலை, பேப்பர் படித்துக்கொண்டிருந்த அழகர்சாமிக்கு இடது கண்ணில் திரை இறங்கியதுபோல் இருட்டிவிட்டது. பத்து நிமிஷம். பிறகு தானாகத் தெளிந்தது. வேறு யாராக இருந்தாலும் பெண்டாட்டியைக் கூப்பிட்டிருப்பார்கள். இவர் அந்தப் பத்து நிமிஷமும் மிச்சமிருந்த கண்ணால் செல்போனில் பேர் தேடினார். கிடைத்ததும்தான் கூப்பிட்டார்.

"யமுனா, இங்க வா. அமரோசிஸ் ஃப்யூகாக்ஸ். அமரோசிஸ்னா கிரேக்கத்துல இருட்டு. ஃப்யூகாக்ஸ்னா லத்தீன்ல ஓடிப்போறது. ஓடிப்போற இருட்டு! என்னமா பேர் வெச்சிருக்கான் பாரு."

"யாருக்கு வந்துச்சு?"

"எனக்குத்தான். திங்கக்கிழமைகூட வந்துச்சு. நீ ஏன் பதறுற? ஓடிப்போறதுன்னு பேர்லயே இருக்கே."

நறுக்கிக்கொண்டிருந்த கத்தரிக்காயை அப்படியே போட்டுவிட்டு அந்த அம்மாள் ஆட்டோ பிடித்தார். பக்கத்து வீட்டுக்காரன் என்ற பாவத்துக்காக நானும் ஏறினேன். காவிரிப் பாலம் தாண்டுவதற்குள் ஆட்டோ ஓட்டிய அப்துல் ரஹீமுக்குக் கிரேக்கமும் லத்தீனும் முழுசாகக் கிடைத்துவிட்டன. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்ட அவர், "அது சரிங்க, இப்ப கண்ணு தெரியுதுங்களா?" என்றார். அன்றைக்கு அந்த ஒரு மனிதருக்குத்தான் அதைக் கேட்கத் தோன்றியது. எனக்குக்கூடத் தோன்றவில்லை, நான் லத்தீனில் மயங்கி இருந்தேன்.

மன்னார்புரம் பக்கம் ஒரு கண் ஆஸ்பத்திரி. டாக்டர் கலைமதி சின்ன வயதுக்காரர். சொல்லாராய்ச்சியை இரண்டு நிமிஷம் அனுமதித்தார். பிறகு சொன்னார்: "சார், இருட்டு ஓடிடுச்சு. அதை அனுப்பினது உள்ளேயேதான் இருக்கு. கழுத்து ரத்தக்குழாய்ல, அதான் கரோடிட்ல, அடைப்பு இருக்கலாம். அங்கேருந்து ஒரு துணுக்கு அடுத்த தடவை மூளைக்குப் போனா பக்கவாதம். லெட்டர் தரேன், இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. நாளைக்குன்னு வெக்காதீங்க."

பக்கவாதம் என்றதும் யமுனா அம்மாள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். நானும் எழுந்தேன். அழகர்சாமியின் முகம் மட்டும் மலர்ந்தது.

"கரோடிட்டுங்கறதுக்கு ஒரு ரசமான கதை இருக்கு டாக்டர். பழைய காலத்துல கிரேக்கர்கள்..."

"டாக்டர்," என்று யமுனா அம்மாள் குறுக்கே புகுந்தார். அழுகையும் கோபமும் சேர்ந்த குரல். "லெட்டர்ல எந்தப் பேரும் எழுதாதீங்க. பேரே இல்லாத நோய்னு எழுதுங்க. அப்பதான் இவரு பயந்து என்கூட வருவாரு."

டாக்டர் லெட்டரை நீட்டினார். புருஷனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அந்த அம்மாள் மறுபடி ஆட்டோவில் ஏறினார்.

அவ்வளவுதான் கதை. என்ன, முகம் ஒரு மாதிரி இருக்கிறது? கரோடிட் கதையை அந்த அம்மாள் முடிக்கவிடவில்லையே என்று உங்களுக்கு ஒரு குறை. பரவாயில்லை, போனில் தேடிக்கொள்ளுங்கள். ஸ்கேனில் முக்கால்வாசி அடைப்பு இருந்தது, ஆபரேஷன் நடந்தது, அழகர்சாமி பிழைத்துக்கொண்டார். நீங்கள்தான் கேட்கவே இல்லையே.